கட்டியக்காரன் இல்லாத ராத்திரி

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ராத்திரி முழுக்கக் கண் விழிப்பது புதுப் பழக்கம் இல்லை. ஒரகடத்துக்குக் கம்பெனிகள் வந்த பிறகுதான் நாங்கள் சி ஷிப்ட் பார்க்கக் கற்றுக்கொண்டோம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அதற்கு எவ்வளவோ காலம் முன்னாலிருந்தே, பங்குனி பிறந்தால் ஆடி முடிகிற வரைக்கும் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டுதான் இருந்தது. மத்தியானம் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதம் படிப்பார், ராத்திரி கூத்து. பத்து மணி வாக்கில் மத்தளச் சத்தம் கேட்டதும் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் வெயில் ஏறினதும்தான் வீடு திரும்புவார்கள். எங்கள் ஊரான வடக்குப்பட்டிலிருந்து பக்கத்து ஊர்களுக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு, வருகிற வழியில் அப்படியே கழனியில் இறங்கி வேலை செய்தவர்கள் உண்டு. வரப்பில் தலைவைத்துத் தூங்கிப்போய் வீட்டில் திட்டு வாங்கினவர்களும் உண்டு. இப்போது காலையில் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிற பிள்ளைகளின் கண்ணிலும் அதே சிவப்புதான்.

கூத்து வேண்டுமென்றால் இன்று யூடியூபில் கிடைக்கிறது. கர்ண மோட்சம் என்று போட்டால் விடிய விடிய ஓடுகிற வீடியோக்கள் வரிசையாக நிற்கின்றன. சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே நானும் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டிய ஆள் அதில் இல்லை. எனக்கு வேண்டியவர் ஒரே ஒருவர்: கட்டியக்காரன். அதிலும் எங்கள் ஊரைத் தெரிந்த கட்டியக்காரன்.

கூத்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வேஷங்கள் வரும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், முகத்தில் கனமான பூச்சு. இந்தக் கட்டைகளைக் கட்டி ஆடுவதால்தான் எங்கள் வட மாவட்டங்களில் கட்டைக்கூத்து என்று சொல்வது. இவர்களுக்கெல்லாம் முன்னால், சுருக்கு வைத்த ஒரு கால்சட்டையும் கூம்புத் தொப்பியுமாக ஓடி வருகிறவர்தான் கட்டியக்காரன். ராஜாவுக்கு வாயில்காப்போன், சேவகன், தூதன், தேரோட்டி எல்லாம் அவரே. துரியோதனன் அஸ்தினாபுரத்தில் நிற்பான். கட்டியக்காரனோ ஒரு கால் அஸ்தினாபுரத்திலும் இன்னொரு கால் எங்கள் ரேஷன் கடையிலுமாக நிற்பார். ராஜா கேட்கிற கேள்விக்கு ஊர்க்கதையில் பதில் சொல்வதுதான் அவர் வேலை.

எங்கள் பெரியப்பா கட்டியக்காரன் வேஷம் கட்டினார். பகலில் மற்ற எல்லாரையும்போல இரண்டு ஏக்கர் சொச்சம் கழனி, ஒரு ஜோடி மாடு. கூத்துக்கு நாலைந்து நாள் முன்னாலிருந்து ஆள் மாறிவிடுவார். டீக்கடையில் ஒரு டீயோடு எழுந்துவிடுகிறவர் அன்றைக்கு மூன்று குடிப்பார். பெரியம்மா போகவேண்டிய மண்ணெண்ணெய் வரிசையில் தானே போய் நிற்பார். சலூனில் முடி வெட்டிக்கொள்ளாமலே உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோலப் பாவனை செய்வார். அவர் நாலாவதோடு நின்றவர். பேப்பர் ஒரு சாக்கு, காது மட்டும்தான் வேலை செய்யும். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஒரு வரியைச் சொல்லிப் பார்ப்பார், தலையாட்டிக்கொள்வார், மறுபடியும் வேறு மாதிரிச் சொல்லிப் பார்ப்பார். மாடு குடித்து முடித்து நிமிர்ந்த பிறகும் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "உங்க பெரியப்பாவுக்கு அம்மன் ஏறுற நேரம், தள்ளிப் போ" என்பார் பெரியம்மா, சிரிக்காமல்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஊரில் யார் பெயரையும் மேடையில் சொல்ல மாட்டார். "வாசல்ல முருங்க, கொல்லையில கிணறு, கிணத்துல தண்ணி இல்ல" என்று அடையாளத்தை மட்டும் எடுத்துவிடுவார். மூன்றாவது அடையாளம் வருவதற்குள் பாயில் உட்கார்ந்திருக்கிற ஐந்நூறு தலையும் ஒரே பக்கம் திரும்பிவிடும். பெயரைச் சொல்வது ஜனங்களின் வேலை.

கிருஷ்ணன் தூது நடந்த ஒரு ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. பாண்டவர்களுக்கு ராஜ்யத்தில் பாதி கொடு, அது முடியாவிட்டால் ஐந்து ஊர், அதுவும் முடியாவிட்டால் ஐந்து வீடு என்று கிருஷ்ணன் இறங்கி வருகிற கட்டம். அந்த வருஷம் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குள் வரப்புத் தகராறு. தாசில்தார் ஆபீஸ் வரைக்கும் போய், சர்வேயர் சங்கிலி இழுத்து, ஒன்றும் தீரவில்லை. பெரியப்பா கிருஷ்ணனின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"சாமீ, நீ ஊரு தெரியாம வந்துட்ட. இங்க ஒருத்தன் கூடப் பொறந்த தம்பிக்கு அரை அடி வரப்பு விட மாட்டேங்குறான். நீ இன்னாடான்னா அஞ்சு ஊரு கேட்டுகினு நிக்குற. ராஜா சபையில கேட்டது போதும், சர்வேயரு சபையில போய்க் கேளு."

கிருஷ்ணன் வேஷக்காரருக்கே சிரிப்பு தாங்கவில்லை; புல்லாங்குழலால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். தம்பிக்காரர் எழுந்து பத்து ரூபாய் நோட்டைக் கட்டியக்காரன் சட்டையில் குத்தினார். குத்தின நோட்டுக்குப் பெயர் சொல்லி அறிவிக்க வேண்டியது கட்டியக்காரனின் கடமை. பெரியப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கட்சிக்காரர் ஒருத்தரு கொடுத்த பத்து ரூபா, அம்மன் உண்டியலுக்கு" என்று அறிவித்து நோட்டைத் தட்டில் போட்டுவிட்டார்.

இதைச் சொன்னால், கூத்தில் கேலி செய்ததும் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கடைசிவரை அவர்கள் சேரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊரில் யாருக்கும் அந்தத் தகராறைப் பற்றிக் குசுகுசுவென்று பேச வேண்டியிருக்கவில்லை. எதிரெதிரே வந்தால், "சர்வேயரு இன்னா சொன்னாரு?" என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். அவர்களும் பதில் சொல்வார்கள். பின்னால் அந்த இரண்டு கழனியும் சேர்ந்தே விலைக்குப் போய்விட்டன. வரப்பு இருந்த இடத்துக்கு மேலே இப்போது ஒரு கிடங்கின் சிமெண்டுத் தரை. சரியாக எங்கே இருந்தது என்று என்னால்கூடக் காட்ட முடியாது.

என்னையும் அவர் விடவில்லை. பதினொன்றாவது படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தேன். திரௌபதி சுயம்வரம். பெண்ணின் குணங்களை எடுத்துச் சொல்லுமாறு பாஞ்சால ராஜா கட்டியக்காரனுக்கு உத்தரவு போடுகிறார். "பொண்ணுக்குப் படிப்பு பதினொண்ணு. சைக்கிளு ஓட்டும். ஆனா பிரேக்குப் புடிக்கத் தெரியாது. நிறுத்தணும்னா வைக்கப்போரு பக்கமா ஓட்டும்." பிரேக் பிடிக்காமல் எதிர்வீட்டு வைக்கோல்போரில் போய் நான் விழுந்ததைப் பார்த்தது மூன்றே பேர். அன்று ராத்திரியோடு முப்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. நான் பாயில் குப்புறப் படுத்துவிட்டேன். பெரியப்பாவோடு ஒரு வாரத்துக்குமேல் பேசவில்லை. அவர் பரிகாரமாக வாங்கி வந்த காராபூந்தியை மட்டும் சாப்பிட்டேன்.

அந்த வெட்கத்துக்குத்தான் இப்போது ஏங்குகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒருவரைக் கேலி செய்வதற்கு அவரைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். புகழ்வதற்கு ஒன்றுமே தெரிய வேண்டாம். பொன்னாடையும் மைக்கும் இருந்தால் போதும். திட்டுவதற்கு அதைவிடக் குறைவாகத் தெரிந்தால் போதும். கேலி செய்யத்தான் அவர் எந்த வைக்கோல்போரில் விழுந்தார் என்பது தெரிந்திருக்க வேண்டும். விழுந்தபோது அடிபடவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவைப் பெற்ற ஆயா செத்தபோது காரியத்து ராத்திரிக்குக் கர்ண மோட்சம் வைத்தார்கள். எங்கள் பக்கம் சாவுக்குக் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் உண்டு. கர்ணன் போன வழியில் செத்தவரும் போய்ச் சேரட்டும் என்று ஒரு நம்பிக்கை. பெரியப்பா சம்பந்தி முறை, அதனால் வேஷம் கட்டத் தடையில்லை. கர்ணன் சாகும் நேரத்திலும் தான் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகத் தாரை வார்க்கிற இடம். வெளிச்சத்தில் அத்தைகள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார்கள். கட்டியக்காரன் மெல்ல வந்து கர்ணன் பக்கத்தில் குந்தினார்.

"ஐயா தர்மப் பிரபுவே, நீ இன்னிக்கிச் செத்தது நல்லதாப் போச்சு. போற வழியில ஒரு கெழவி வரும். சுருக்குப்பை இடுப்புல இருக்கும். பேத்தி கேட்டாக்கூட வெத்தலைக் காம்பக் கிள்ளிக் கொடுக்காது. நீ பாட்டுக்குக் கொடுத்துகினே போவ, அது பின்னாலயே பொறுக்கிகினே வரும். சொர்க்கம் போய்ச் சேரும்போது உங்கிட்ட ஒண்ணும் இருக்காது, எல்லாம் அது சுருக்குப்பையில இருக்கும்."

அழுதுகொண்டிருந்த என் அம்மாவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். பெரிய அத்தை, "அய்யோ, அந்த சுருக்குப்பைய எங்க வெச்சோம்?" என்று எழுந்து தேடவே போய்விட்டாள். ஆயாவைப் பற்றி அன்றைக்கு எல்லாரும் நல்ல நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. அந்தச் சுருக்குப்பை மட்டும் அப்படியே நிற்கிறது, வெற்றிலைக் கறையோடு.

எல்லாம் பாலும் தேனுமாக இருந்தது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. காலனி ஜனங்கள் அப்போதெல்லாம் தள்ளி நின்றுதான் கூத்துப் பார்த்தார்கள். அவர்களைப் பற்றிக் கட்டியக்காரன் ஏதாவது சொன்னால், பத்து ரூபாயைக் குத்திப் பதில் சொல்கிற வசதி அவர்களுக்கு இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போன ஒரு அக்காவைப் பற்றி வேறொரு செட்டின் கட்டியக்காரன் ஏதோ சொல்லப்போக, அந்த அக்கா அடுத்த வருஷத்திலிருந்து திருவிழாப் பக்கமே தலைகாட்டவில்லை. பெண்கள் கேலிக்குள்ளே வந்தார்கள். கேலி செய்யும் இடத்துக்கு வந்ததில்லை. திரௌபதியே ஆண் கட்டின வேஷம்தான். அதனால்தான் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கி, பையன்களோடு பெண் பிள்ளைகளுக்கும் அடவும் வேஷமும் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நாலைந்து வருஷம் பின்னால் பிறந்திருந்தாலும் நான் போயிருக்கப் போவதில்லை, அது வேறு விஷயம். எங்கள் வீட்டில் நைனா பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடுவதற்கே விட்டதில்லை.

நான் போனது கம்பெனிக்கு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து, 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்து, 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் வந்து, பிறகு பெயர் சொல்லி மாளாத அளவுக்குக் கம்பெனிகள் வந்துவிட்ட காலம். நான் சேர்ந்தது போனுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு இடம். வீட்டு வாசலுக்கே பஸ் வந்தது. என் பெயரில் ஏ.டி.எம். கார்டு வந்தது. மாதம் பிறந்தால் நைனாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தை நான் எந்தக் கூத்துக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் லைனில் நான் ஒரு ஸ்டேஷன். என் கைக்கு வருகிற தட்டில் இருக்கிற சின்னஞ்சிறு பாகத்தைப் பூதக்கண்ணாடி விளக்கில் திருப்பிப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், கழிவு அந்தப் பக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தர்மபுரியா சேலமா என்று தெரிவதற்குள் ஷிப்ட் மாறிவிடும். எல்லாருக்கும் ஒரே இ.எஸ்.டி. கோட்டு, ஒரே தொப்பி, ஒரே முகமூடி. தெரிவது கண் மட்டும்.

அப்படிப்பட்ட இடத்திலும் ஒருத்தி வந்து சேர்ந்தாள். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா கூத்தில் மத்தளம். ஒரு சி ஷிப்டில், ராத்திரி இரண்டு மணிக்குக் கேண்டீனில் உப்புமா வாங்கிக்கொண்டு எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இவள் தன் நீலக் கோட்டைக் கழற்றி இரண்டு பெண்களிடம் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் திரைபோல விரித்துக்கொள்ளச் சொன்னாள். எவர்சில்வர் தட்டில் ஸ்பூனால் தாளம். திரைக்குப் பின்னாலிருந்து காலை உதைத்து உதைத்து, எங்கள் லைன் லீடர் வருகிற வரவைப் பாட ஆரம்பித்தாள். டார்கெட் கேட்டு வந்தேனே, ரிஜெக்ஷன் பார்க்க வந்தேனே என்று அவளே கட்டின பாட்டு. நடுவில் ஒரு அடி: பாத்ரூமுக்குப் போனவளை எண்ண வந்தேனே. மேசை மேசையாகச் சிரிப்பு எழுந்து போனது. ஜார்க்கண்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் லைன் லீடர் அக்கா நிற்பதுபோலவே இடுப்பில் பேனாவைச் செருகிக்கொண்டு அவள் நின்றதும் அவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

லைன் லீடர் அக்கா வாசலில் நின்று முழுவதையும் பார்த்தார். நாங்கள் உறைந்துபோனோம். அக்கா உள்ளே வந்து உப்புமாத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, "நான் பேனாவ இடது பக்கம்தான் சொருகுவேன்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த லைனில் எங்களுக்குள் ஏதோ ஒன்று ஏற்பட்டுவிட்டது. யாருக்கு மாதவிலக்கு வலி, யார் ஓ.டி. பார்த்து அண்ணனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறாள் என்பதெல்லாம் அக்காவுக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் அவள் போய்விட்டாள். அவள் நம்பர் மாறிவிட்டது. நானும் கல்யாணமாகித் தாம்பரம் பக்கம் வந்துவிட்டேன்.

வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். எங்கள் ஊரெல்லாம் சேர்த்தாலும் வராத ஜனத்தொகை ஒரே வளாகத்தில். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடங்களை எட்டிப் பார்க்கிறேன். அத்தனை ஆயிரம் பேரில் கோட்டைத் திரையாகப் பிடிக்கச் சொல்கிறவள் ஒருத்தியாவது இருக்க மாட்டாளா என்று நப்பாசை. இருப்பாள். அவளுக்கு மற்றவர்களைத் தெரிந்துகொள்ள நேரம் கிடைக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

பெரியப்பாவுக்கு இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. வேஷம் கட்டுவதில்லை. வாய் மட்டும் தேயவில்லை. 2022-இல் எங்கள் வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் குழி வெட்டியபோது தினமும் போய் நிழலில் உட்கார்ந்துகொள்வாராம். நாங்கள் சின்ன வயதில் ஓட்டாஞ்சில்லு பொறுக்கி விளையாடின ஊர்தான். அந்த மண்ணுக்குள்ளிருந்து கண்ணாடி மணிகள், ரோமாபுரி ஆம்போரா ஜாடிகளின் சில்லுகள், அவற்றுக்கும் கீழே கற்காலத்து மனிதர்கள் உடைத்துச் செய்த கல் கருவிகள் என்று வெளியே வந்தன. கருவிகளை இங்கேயே உட்கார்ந்து செய்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் இந்தியாவின் கற்காலத்தை முதலில் கையில் எடுத்துப் பார்த்த பல்லாவரம் எங்களுக்கு ஒன்றும் தூர தேசமில்லை. ஆனாலும் நம் ஊர் மண்ணிலேயே என்றால் ஒரு கர்வம்தான். பெரியப்பாவிடம் போனில் கேட்டேன்.

"இன்னா பெரியப்பா, என்னென்னவோ கெடைச்சிதாமே?"

"ஆமாம்மா. நாமதான் சிப்காட்டு இப்ப வந்துச்சின்னு நெனச்சிகினு இருந்தோம். கல்லு காலத்துலயே இங்க கம்பெனி இருந்திருக்குது. கல்லு ஒடைக்கிற கம்பெனி. பி.எஃப். புடிச்சானான்னு இன்னும் தோண்டிப் பாக்கணும்."

"ரோமாபுரி ஜாடி?"

"அதுல ஒயினு வந்துச்சாம். ஃபாரின் சரக்கு! உங்க மாமன் பரம்பரை இந்த ஊருலதான் இருந்திருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்."

மாமாவை எண்ணி நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் மகன் என்ன என்று கேட்டான். சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவை அவன் பார்த்தது இரண்டே கல்யாணத்தில். அவர் குடிப்பார் என்பதே அவனுக்குத் தெரியாது.

போன வருஷம் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். மைக்குக்குப் போலீஸ் அனுமதி பன்னிரண்டு மணி வரைக்கும்தான். அதனால் விடிய விடிய நடக்க வேண்டிய அபிமன்யு சண்டையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். செட்டு நல்ல செட்டு; ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது. கட்டியக்காரன் வெளியூர்ப் பையன். சினிமா நடிகர்கள் குரலில் பேசினான், டி.வி.யில் வருகிற ஜோக்குகளைச் சொன்னான். சிரித்தார்கள். எந்தத் தலையும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அவனைச் சொல்லி என்ன? மத்தியானம் வேனில் வந்து இறங்கினவன். டீக்கடையில் உட்கார்ந்து காது கொடுக்க அவனுக்கு ஏது நாலைந்து நாள்? அப்படியே உட்கார்ந்தாலும் டீக்கடையில் இருப்பவர்களில் பாதிப் பேர் வாடகைக்கு வந்தவர்கள். ஒருவர் கதை இன்னொருவருக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் மனசுக்கு இதமாக இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நாலைந்து ஒடிசாப் பையன்கள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். சக்கர வியூகத்துக்குள் அபிமன்யு நுழைந்ததும் ஒருவன் மற்றவனிடம் அடுத்து நடக்கப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் ஊரிலும் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே சாரளா தாசர் ஒடியாவில் பாரதம் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அபிமன்யு விழுந்தபோது எங்கள் கிழவிகளோடு சேர்ந்து அவனும் உச்சுக்கொட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா பாயைக் கொஞ்சம் இழுத்துவிட்டு அவனுக்கு இடம் கொடுத்தது. அந்த ஊரில் இனி ஒரு நல்ல கட்டியக்காரன் வந்தால், அவனுக்கு ஒடியாவும் இந்தியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அபார்ட்மெண்டில் பொங்கல் விழாவுக்கு என்னைத் தொகுத்து வழங்கச் சொல்லியிருக்கிறார்கள். கிராமத்துப் பெண், நன்றாகப் பேசுவாள் என்று யாரோ கிளப்பிவிட்டது. கட்டியக்காரன் மாதிரி ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டேன். சங்கச் செயலாளருக்கு அது என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்துவிட்டு, "நல்ல ஐடியா மேடம். ஆனா யார் பேரும் வரக் கூடாது. அப்புறம் வாட்ஸப் குரூப்ல பிரச்சினை ஆகிடும்" என்றார். ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்.

பெரியப்பாவிடம் சொன்னேன். "பேரு எதுக்கு? நான் என்னிக்குப் பேரு சொன்னேன்? அடையாளத்த எடுத்து விடு" என்றார். அதுதான் கையில் இல்லை என்றேன். நூற்று இருபது வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கதவு. முருங்கையும் இல்லை, கிணறும் இல்லை. "கதவ ஏம்மா பாக்குற, ஆளப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இப்போது பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். நாலாவது மாடியில் ஒரு அம்மா லிஃப்ட் வந்து நின்றாலும் ஏறாமல், கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டு கீழே அனுப்பிவிடுகிறார். பி பிளாக்கில் ஒருவர் தினமும் சாயங்காலம் புதுக் காருக்கு உறை போட்டு மூடிவிட்டு மாடிக்குப் போகிறார். பத்து நிமிஷம் கழித்து இறங்கி வந்து உறையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் போகிறார். அவர் வண்டி எந்த ஷோரூம், எத்தனை தவணை பாக்கி என்று வாட்ச்மேனிடம் மெல்ல விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.